சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

கல்பாக்கம், கூடங்குளம்... உலைக்குப் பாதுகாப்பு உண்டு. ஊருக்கு?

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை மராமத்துக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கடலடிச் சுரங்கம் வழியே கடல்நீரை இழுக்கும் பம்ப் ஹவுஸில் தண்ணீர் கிடுகிடுவென ஏறியது. பம்புகள் நின்றன. கடல் ஏன் இப்படிப் பொங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கும் நேரமல்ல அது. பம்ப் நின்றால் அடுத்துச் செய்ய வேண்டியது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு மனப்பாடம். உலையை நிறுத்தினார்கள். சூட்டைத் தணிக்கும் வேலை தொடர்ந்தது. கதிர்வீச்சு கசியவில்லை. ஜனவரி 2-ம் தேதி அந்த உலை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

அதே காலை, சில கிலோமீட்டர் தள்ளி, அந்த நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் நகரியத்துக்குள்ளும் அலை புகுந்தது. ஊழியர்கள், அவர்கள் வீட்டார், பக்கத்துக் குப்பங்களில் இருந்தவர்கள் என்று பலர் பலியானார்கள். அவர்களை எச்சரிக்க எந்த ஏற்பாடும் இல்லை. நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையமே 2007-ல்தான் ஹைதராபாத்தில் வந்தது.

உலை தப்பித்தது, ஊர் தப்பவில்லை. அணுமின் நிலையங்களின் அவசரகாலத் தயார்நிலை பற்றிப் பேச இதைவிடச் சரியான இடம் கிடையாது. ஏனென்றால் இந்த விவாதம் நம்மூரில் எப்போதும் உலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. சுவர் எத்தனை அடி கனம், டீசல் ஜெனரேட்டர் எத்தனை, உருகினால் பிடித்துக்கொள்ளும் தொட்டி இருக்கிறதா... வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கான கேள்விகள் வேறு. யார் சொல்வார்கள்? எப்போது சொல்வார்கள்? சொன்னால் நம்பலாமா?

அணுசக்தித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் ‘சாந்தி’ சட்டம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2047-க்குள் 100 ஜிகாவாட் என்பது மத்திய அரசின் இலக்கு. கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. இன்னும் நான்கு உலைகளுக்கான பணிகள் பக்கத்திலேயே நடக்கின்றன. கல்பாக்கத்தில் ஈனுலையின் மையக்கருவை நிரப்பும் ‘கோர் லோடிங்’ பணி 2024 மார்ச்சில் பிரதமர் முன்னிலையில் தொடங்கியது. எனவே அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு இதுதான் நேரம்.

வட்டத்துக்குள் இருக்கும் ஊர்கள்

கூடங்குளம் உலைகளின் வெளிர்மஞ்சள் குவிமாடங்கள் இடிந்தகரைக் கடற்கரையில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. ஊருக்கும் உலைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட வராது. சுனாமிக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த காலனி அதைவிடவும் நெருக்கம். மேற்கே போனால் பெருமணல், கூட்டப்புளி. கிழக்கே கூத்தங்குழி, உவரி. உள்ளே ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை. நிலையத்தின் ஊழியர்கள் இருப்பது செட்டிகுளத்தை ஒட்டிய அணுவிஜய் நகரியத்தில். வள்ளம் கொண்டுபோகிற ஆண்கள், பீடி சுற்றுகிற பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், காற்றாலைக் காவலாளிகள். இவர்கள்தான் அவசரகாலத் திட்டம் என்ற தடித்த கோப்பு குறிப்பிடும் ‘பொதுமக்கள்’.

அந்தக் கோப்பில் வட்டங்கள் உண்டு. உலையை நடுப்புள்ளியாக வைத்துக் காம்பஸில் போட்ட வட்டங்கள்.

|| பெட்டிச் செய்தி: எந்த வட்டத்தில் நீங்கள்? ||

விலக்கு மண்டலம்: உலையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல். குடியிருப்பு கூடாது. நிலையத்தின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்.

5 கி.மீ. வரை: இயல்பான மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு மட்டும் அனுமதி. பெரிய தொழிற்சாலை, புதுக் குடியிருப்புத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு.

16 கி.மீ. வரை: அவசரகாலத் திட்ட மண்டலம். சைரன், தங்குமிடம், வெளியேற்றும் வழி எல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டிய பகுதி. இது 16 கோணத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காற்று வீசும் திசையை வைத்து எந்தத் துண்டுக்கு ஆபத்து என்று தீர்மானிப்பார்கள்.

அவசரநிலை மூன்று படி: நிலையத்துக்குள் அடங்குவது, வளாகம் முழுவதையும் பாதிப்பது, வளாகத்தைத் தாண்டுவது. முதல் இரண்டுக்கும் நிலைய நிர்வாகம் பொறுப்பு. மூன்றாவது படிக்குப் போனால் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் கைக்கு மாறும். இந்த மூன்றாவது படிக்கான ஒத்திகை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.

முதல் கட்டளை: ஓடாதே

தலைப்பில் கேட்ட கேள்விக்கு முறைப்படியான பதில், எந்தப் பக்கமும் ஓட வேண்டாம் என்பதுதான். வீட்டுக்குள் போய் கதவு ஜன்னலைச் சாத்து, திறந்து வைத்த தண்ணீரையும் சாப்பாட்டையும் தொடாதே, அறிவிப்புக்குக் காத்திரு. கதிர்வீச்சுத் துகள்களைச் சுமந்து வரும் காற்று ஒரு பக்கமாகத்தான் போகும். அது போகும் திசை தெரியாமல் ஓடுகிறவர், வீட்டில் இருந்தவரைவிட அதிகக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

காகிதத்தில் இது சரி. கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் அந்தப் பகுதி முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் காற்று உவரி, திசையன்விளைப் பக்கம் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அதே காற்று கன்னியாகுமரிப் பக்கமும் கடலுக்குள்ளும் திரும்பும். ஆக, ஆடி மாதத்தில் பத்திரமான ஊர் கார்த்திகையில் பத்திரமில்லை. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் சைரன் ஒலித்த பத்தாவது நிமிடம் எல்லாரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் நிற்பார்கள்.

கடலுக்குப் போனவர்கள் கதை தனி. விடியற்காலையில் சைரன் ஒலித்தால் ஊரில் இருப்பது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஆண்கள் கடலில். வள்ளத்தில் இருக்கிறவருக்குச் சாத்திக்கொள்ளக் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அவர் வழக்கமான துறைக்குத் திரும்ப வேண்டுமா, காற்றுக்கு எதிர்ப்பக்கத் துறைக்குப் போக வேண்டுமா, அதை எந்த அலைவரிசையில் யார் சொல்வார்கள்? கடற்கரை நிலையத்துக்கான திட்டம் என்றால் இந்த ஒரு பக்கத்தை மீனவர்களோடு உட்கார்ந்துதான் எழுத முடியும்.

ஒத்திகை நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடங்குளத்தின் முதல் வெளிவளாக ஒத்திகை 2012 ஜூன் 9-ல் நடந்தது. நடந்த இடம் நக்கனேரி, கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளிய ஒரு சிறு கிராமம். அணுஉலை எதிர்ப்புப் பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்திருந்த இடிந்தகரைக்குள் அன்று அதிகாரிகள் போயிருக்கவே முடியாது என்பது உண்மைதான். ஆனால் உலைக்கு மிக அருகே, மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊரை விட்டுவிட்டு நடத்தும் ஒத்திகை ஆவணத்துக்கு உதவுமே தவிர, ஆபத்துக்கு உதவாது. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலைக்குப் பச்சைக்கொடி காட்டியபோது பதினைந்து கட்டளைகளும் போட்டது. பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நிறைவேற்றுவதும், உள்ளூர் நிர்வாகத்தைச் சேர்த்துக்கொண்டு ஒத்திகைகளைத் தொடர்ந்து நடத்துவதும் அவற்றில் உண்டு. போராட்டக்காரர்கள் மீது போட்ட வழக்குகளை வாபஸ் பெற நடவடிக்கை எடுக்கவும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் தெரிந்தே சேர்த்தார்களோ என்னவோ, பாதுகாப்புக்கும் வழக்கு வாபஸுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தேசத்துரோக வழக்குப் போட்ட அதே அரசு, நாளை மைக் பிடித்து ‘வீட்டுக்குள் இருங்கள், பயப்பட ஒன்றுமில்லை’ என்றால் எத்தனை பேர் வீட்டுக்குள் இருப்பார்கள்?

ஃபுகுஷிமாவில் உயிரைக் குடித்தது எது?

2011 மார்ச் 11-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் நடந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பூகம்பம் மின்கம்பிகளை அறுத்தது. சுமார் 14 மீட்டர் உயர அலை, அடித்தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிரூட்ட மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகள் உருகின. அவ்வளவுதான், இயந்திரத்தின் கதை அங்கே முடிந்தது. வேலிக்கு வெளியே நடந்த கதைதான் நமக்கு வேண்டியது.

அன்றிரவு 9.23-க்கு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்களை வெளியேறச் சொன்னார்கள். அந்த நேரத்தில், நிலையம் அமைந்திருக்கும் ஊர்க்காரர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உலையில் விபத்து நடந்திருப்பதே தெரியும் என்று நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு பிறகு கண்டுபிடித்தது. மறுநாள் காலை 10 கி.மீ. மாலை 20 கி.மீ. ஒரு ஊரில் இருந்து கிளம்பி அடுத்த ஊரில் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அந்த ஊரும் வட்டத்துக்குள் வந்தது. காற்றின் போக்கைக் கணிக்கும் கணினி அமைப்பு ஒன்று அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு உரிய நேரத்தில் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. நமியே என்ற ஊரின் மக்கள் வடமேற்கே இருக்கும் சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிர்வீச்சு மேகமும் வடமேற்காகத்தான் போனது.

நெருக்கடி நேரத்தில் எல்லாரையும் ஒருங்கிணைக்க, நிலையத்தில் இருந்து ஐந்து கிலோமீட்டரில் ஒரு மையம் கட்டி வைத்திருந்தார்கள். விலை உயர்ந்த கட்டடம், வரைபடங்கள், தொலைபேசிகள் எல்லாம் உண்டு. பூகம்பத்தில் தொலைத்தொடர்பு போனது. கதிர்வீச்சை வடிகட்டும் காற்று வடிப்பான்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அணு விபத்துக்காகவே கட்டிய மையத்தை, அணு விபத்து நடந்த நான்காம் நாள் பூட்டிவிட்டு ஃபுகுஷிமா நகருக்குப் போனார்கள்.

ஃபுதாபா மருத்துவமனை நிலையத்தில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். நடக்க முடிந்த நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியாயிற்று. படுத்த படுக்கையாக இருந்த முதியவர்கள் நூற்றுக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். மின்சாரம் இல்லை, ஆட்கள் இல்லை. மார்ச் 14-ல் அவர்களில் ஒரு பகுதியினரைச் சாதாரணப் பேருந்துகளில் உட்காரவைத்துக் கிளம்பினார்கள். நேர்வழி கதிர்வீச்சுப் பகுதி என்பதால் சுற்றுவழி. 200 கிலோமீட்டருக்கு மேல், பத்து மணி நேரப் பயணம். போய் இறங்கிய இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம். சொட்டு மருந்து ஏற்றும் வசதிகூட இல்லை. அந்த மாத இறுதிக்குள் அந்த மருத்துவமனை நோயாளிகளில் மட்டும் நாற்பது பேர் இறந்துபோனார்கள். ஒருவரும் கதிர்வீச்சால் இறக்கவில்லை.

கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு, அந்தப் பகுதி மக்களிடம் நேரடியாகக் கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லக்கூடிய உடல்நலக் கேடு எதையும் காணவில்லை. ஆனால் வெளியேற்றம், இடமாற்றம், மருத்துவம் தடைபட்டது, தற்கொலை என்ற வகையில் ஃபுகுஷிமா மாகாணத்தில் பதிவான ‘பேரிடர் தொடர்பான மரணங்கள்’ 2,300-க்கும் மேல். அந்த மாகாணத்தில் பூகம்பத்திலும் சுனாமியிலும் நேரடியாக இறந்தவர்களைவிட இது அதிகம். அணுசக்தி ஆதரவாளர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். எதிர்ப்பாளர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம், ஒழுங்காகத் திட்டமிடாத வெளியேற்றமே ஒரு பேரிடர் என்பது.

இங்கே நம்மூர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூடங்குளத்துக்குப் பக்கத்துப் பெரிய அரசு மருத்துவமனைகள் ஆசாரிப்பள்ளத்திலும் பாளையங்கோட்டையிலும். தமிழகத்துக்கான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தலைமையிடம் அரக்கோணத்தில், 600 கிலோமீட்டருக்கு அப்பால். பதினாறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எத்தனை பேர், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், பேறுகாலப் பெண்கள் எத்தனை பேர்? இதைக் கிராமச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கேட்டால் பெயரோடு சொல்வார்கள். அந்தப் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தின் அவசரகாலத் திட்டத்தில் புதுப்பித்த நிலையில் ஏறியிருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் அந்த ஒரு பட்டியலும் அதற்கேற்ற ஆம்புலன்ஸும் இருந்திருந்தால் எத்தனையோ முதியவர்கள் பிழைத்திருப்பார்கள்.

|| பெட்டிச் செய்தி: ஒரு சிறு மாத்திரை ||

அணுஉலை விபத்தில் வெளியேறும் பொருள்களில் கதிரியக்க அயோடின் முக்கியமானது. அது தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டால் சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பிவிடும், கெட்டது ஒட்டாது. காற்று வந்து சேரும் முன் 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதே நல்லது. எட்டு மணி நேரம் தாண்டினால் பெரிய பயனில்லை.

பிரான்ஸில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கி.மீ. வரையும், சுவிட்சர்லாந்தில் 50 கி.மீ. வரையும் மாத்திரையை முன்கூட்டியே மக்களுக்கு விநியோகிக்கிறார்கள்.

யாரும் சொல்லாமல் தானாகச் சாப்பிடக் கூடாது. சீசியம் உள்ளிட்ட மற்ற கதிரியக்கப் பொருள்களுக்கு இது மருந்தும் அல்ல.

இருட்டில் படியேறியவர்கள்

‘இந்தியாவில் இதெல்லாம் நடக்காது’ என்பவர்களுக்கு நரோராவை நினைவுபடுத்தலாம். உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் அணுமின் நிலையம். 1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்து பறந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களைத் தின்றுகொண்டே போனது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் அதே பாதையில்தான் போயின, இடையில் தீத்தடுப்பு இல்லை. நிலையம் முழுக்க இருட்டு. புகை கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் நுழைந்து, அங்கிருந்தவர்களை வெளியேற்றியது. ஊழியர்கள் சிலர் டார்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேல் ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். மறுபடி அணுப்பிளவு தொடங்காமல் இருக்க அதுதான் வழி. தீயணைப்புக்கான டீசல் பம்புகளை வைத்துச் சூட்டைத் தணித்தார்கள். பதினேழு மணி நேரம் மின்சாரம் இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது நம் வழக்கம்தான்.

அந்த பிளேடுகளின் வடிவமைப்பில் கோளாறு இருப்பதாக, அதைத் தந்த வெளிநாட்டு நிறுவனம் விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. பிளேடுகள் மாற்றப்படவில்லை. தட்டிக் கேட்க வேண்டியது மேற்பார்வை அமைப்பு. விபத்து நடந்த ஆண்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக வந்த ஏ.கோபாலகிருஷ்ணன், நாட்டின் அணுசக்தி நிலையங்களில் 130 பாதுகாப்புப் பிரச்னைகளைப் பட்டியலிட்டு 1995-ல் அறிக்கை தயாரித்தார். அவற்றில் 95 உடனே கவனிக்க வேண்டியவை. 1996-ல் அவர் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை.

கல்பாக்கத்தில் நடந்தது இன்னும் விசேஷம். 2000-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிறுவனங்கள் ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையில் இருந்து விலக்கப்பட்டன. இனி மையமே தன்னைத் தானே மேற்பார்வை செய்துகொள்ளும் என்று ஏற்பாடு. அந்த மையத்தின் கீழ் வரும் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு, குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் கலந்தது. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி இல்லை. மாதிரி எடுக்கப்போன ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சை வாங்கிக்கொண்டார்கள். ஊழியர் சங்கம் போராடியது. வெளியுலகத்துக்குத் தகவல் உறுதியானது பல மாதங்கள் கழித்து.

நல்ல உதாரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016 மார்ச் 11, ஃபுகுஷிமாவின் ஐந்தாம் ஆண்டு நாள். குஜராத்தின் கக்ரபார் நிலையத்தில் குளிரூட்டும் குழாயில் விரிசல் விட்டுக் கனநீர் கசிந்தது. உலை தானாக நின்றது. நிலைய அவசரநிலை அறிவித்தார்கள், அன்றைக்கே செய்தி வெளிவந்தது. ஊழியர் எவருக்கும் வரம்பு மீறிய கதிர்வீச்சு இல்லை.

500 ரூபாய் அபராதம்!

ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15-ல் ஓர் அரசாணை மூலம் பிறந்தது. அறிக்கை தருவது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை ஓட்டும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ். பரீட்சை எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அப்பாதான் தலைமையாசிரியர் என்பது போன்ற ஏற்பாடு. வாரியத்தில் இருந்த, இருக்கும் நிபுணர்களின் திறமையையோ நேர்மையையோ குறை சொல்வதல்ல இது. திறமைசாலியும் மேலதிகாரியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் இந்த வாரியத்தைத் தணிக்கை செய்து அறிக்கை தந்தார். படிக்கப் படிக்க ஆச்சரியம். விதிகளை இயற்றும் அதிகாரம் வாரியத்துக்கு அப்போது இல்லை. விதியை மீறினால் அதிகபட்ச அபராதம் அன்றைக்கு 500 ரூபாய். ஹெல்மெட் போடாமல் போனால்கூட இப்போது அதைவிட அதிகம் கட்டுகிறோம். நாட்டில் இருந்த மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 91 சதவிகிதம் வாரியத்தின் பதிவிலேயே இல்லை. அணுமின் நிலையங்களின் வெளிவளாக ஒத்திகைகள், தயார்நிலை போதாது என்பதையே காட்டின என்றும் அந்த அறிக்கை எழுதியது. அதாவது, குறை அரசின் சொந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011 செப்டம்பரில் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்துக்கான மசோதா மக்களவைக்கு வந்தது. 2014-ல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2015-ல் வந்து பார்த்த சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதச் சொன்னது. ஜப்பானும் இந்த வியாதியில் விழுந்த நாடுதான். அங்கே கண்காணிப்பு அமைப்பு, அணுசக்தியை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. விபத்துக்குப் பிறகு 2012 செப்டம்பரில் அதைக் கலைத்துப் புது ஆணையம் அமைத்தார்கள்.

இப்போது சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்திருக்கிறது. நாற்பது ஆண்டுக் கோரிக்கை, வரவேற்கலாம். ஆனால் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் குழுவை அமைப்பது யார் என்று பார்த்தால், அதே அணுசக்தி ஆணையம். தனியார் முதலாளிகள் உலை நடத்த வரும் காலத்தில் கண்காணிப்பாளரின் முதுகெலும்பு இன்னும் பலமாக இருக்க வேண்டாமா?

பணக் கணக்கும் இதோடு ஒட்டியதுதான். விபத்து நடந்தால் உலை நடத்துபவர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு 2010 சட்டம் 1,500 கோடி என்று உச்சவரம்பு வைத்தது. புதிய சட்டத்தில் உலையின் திறனுக்கேற்ற வரம்பு; மிகப் பெரிய உலைக்கும் 3,000 கோடி. பழுதான கருவி கொடுத்த நிறுவனத்திடம் திருப்பி வசூலிக்க 2010 சட்டம் வைத்திருந்த பிரிவு இப்போது இல்லை. ஃபுகுஷிமாவுக்கு ஆகும் செலவு என்று ஜப்பான் அரசு 2016-ல் போட்ட மதிப்பீடு 21.5 டிரில்லியன் யென். நம் பணத்தில் பத்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! மிச்சத்தை யார் தருவார் என்ற கேள்விக்கு, வரி கட்டுகிறவர், அல்லது வீட்டை இழந்தவர் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

முதல் நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல்

2019 அக்டோபர் 29. கூடங்குளம் நிலையத்தின் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. தவறான தகவல், அப்படி எதுவும் நடக்கவே முடியாது என்று நிலையத் தரப்பில் அறிக்கை வந்தது. மறுநாள், அணுமின் கழகத்தின் தலைமையகத்தில் இருந்து இன்னொரு அறிக்கை. நிர்வாகப் பணிக்கான வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்துவிட்டது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை.

கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு சேராமல் தனியே இருக்கிறது என்பதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கத்து ஊரில் இருப்பவர் நினைவில் வைத்திருப்பது முதல் நாள் அறிக்கையை. 2012-ல் மத்தியத் தகவல் ஆணையம் கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொன்னபோதும், அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனது. 2014 மே மாதம் நிலையத்துக்குள் வெந்நீர் பீய்ச்சி ஆறு பேர் காயம் அடைந்தபோது, என்ன நடந்தது என்பதைவிட வதந்திதான் முதலில் ஊருக்குள் வந்து சேர்ந்தது.

கூடங்குளத்தின் வடிவமைப்பு பழைய உலைகளைவிடப் பல படி மேல். மின்சாரம் இல்லாமலே சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு, உருகினால் தாங்கும் தொட்டி இரண்டும் அதில் உண்டு. 2004-ல் அந்த இடத்தில் பதிவான அலை 2.2 மீட்டர். டீசல் ஜெனரேட்டர்கள் இருப்பது 9.3 மீட்டர் உயரத்தில். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய இந்தத் தகவல்களைக்கூட ஊர்க்காரர் நம்பாமல் போவதற்கு, மறைத்துப் பழகிய கைதான் காரணம்.

ஆட்சியர் ‘முடியாது’ என்றால்?

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் ஷோர்ஹாம் என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். 1979-ல் இன்னொரு அமெரிக்க அணுமின் நிலையமான த்ரீ மைல் ஐலண்டில் விபத்து நடந்தது. அதன்பிறகு அமெரிக்காவில், வெளியேற்றும் திட்டம் சரியாக இல்லாவிட்டால் உலைக்கு உரிமம் இல்லை என்று விதி வந்தது. ஷோர்ஹாம் இருந்த சஃபோக் மாவட்ட மன்றம் நிபுணர்களை வைத்து ஆராய்ந்தது. தீவில் இருந்து வெளியேறும் சாலைகள் ஒரே பக்கமாக நியூயார்க் நகரத்துக்குள் போகின்றன. 1983 பிப்ரவரியில் மன்றம் கூடி, இந்த மாவட்ட மக்களைப் பத்திரமாக வெளியேற்ற வழியே இல்லை என்று 15-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மாநில ஆளுநர் மரியோ கியூமோவும் கையெழுத்துப் போடவில்லை. சுமார் 600 கோடி டாலர் செலவில் கட்டி முடித்த நிலையம், வணிக ரீதியில் ஒரு நாள்கூட ஓடாமல் மூடப்பட்டது. மாநில அரசு அதை ஒரு டாலருக்கு வாங்கிப் பிரித்துப் போட்டது.

பணம் வீண்தான், மறுக்க முடியாது. கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கட்டிய பின் கேட்ட வினை அது. கூடங்குளத்தில் ஐந்தாவது, ஆறாவது உலைகளின் கட்டுமானம் 2021-ல் தொடங்கியது. ஆறு உலைகள், அவற்றின் எரிந்து முடிந்த எரிபொருள், இவ்வளவும் ஒரே வளாகத்தில் சேரப் போகின்றன. நம் சட்டத்தில் ஆட்சியர் அவசரகாலத்துக்குப் பொறுப்பு. ஆனால் ‘என் சாலையும் என் மருத்துவமனையும் இதற்குப் போதாது’ என்று அவர் எழுதினால் உலையின் உரிமம் நிற்குமா? அப்படி ஓர் அதிகாரம் அவருக்கு இல்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடுகிறது. கூடங்குளம், கல்பாக்கம் வட்டாரத்து வாசகர்கள் அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நம் ஊருக்கான சைரன் எந்தக் கம்பத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? அயோடின் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை செல்லும்? நம் தெருவை ஏற்றிப்போகும் பேருந்து எந்தப் பணிமனையில் இருந்து வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்? கடலில் இருப்பவர்களுக்கு யார் சொல்வார்கள்? பதிலை எழுத்தில் வாங்கி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.